விழுந்த இடத்திலேயே எழுந்தவர்: காப்பித்தான் யாப் ஆ லோய்

வருஷக் கடைசியில் இருப்பெடுத்து ஐந்தொகை போட்டுப் பார்ப்பது நம் வர்த்தகர்களுக்குப் பழகிய காரியம். லாபம் வந்திருந்தால் நாலு பேரிடம் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறோம். நட்டம் வந்திருந்தாலோ, பேரேட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு, கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறோம். கைமுதலை இழந்த சிலர், நாலு பேர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, கடையைக் கிடைத்த விலைக்குக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவதும் உண்டு. தோல்வி என்பது அப்படி மறைத்து வைக்க வேண்டிய ஒன்றுதானா? அல்லது அதையும் கணக்கில் எடுத்து, அடுத்த அடிக்கு முதலாக்கிக்கொள்ள வேண்டிய ஒன்றா? இதற்கு விடை தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாம் கடை வைத்துப் பிழைக்கும் இந்தக் கோலாலம்பூர் நகரை நிலைநிறுத்திய ஒருவருடைய சரித்திரமே போதும். அவர்தாம் காப்பித்தான் யாப் ஆ லோய்.

மேடான் பசாருக்கு அருகே அவர் பெயரால் ஒரு சிறிய சாலை இருக்கிறது. நம்மில் அந்தப் பக்கம் சரக்கெடுக்கப் போகாதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் எத்தனை முறை கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் நம் மொழிக்காரர் அல்லர். நம் மார்க்கத்தவரும் அல்லர். அவர் செய்த காரியங்களில் நாம் ஏற்க முடியாதவையும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பின்னால் சொல்லுவோம். ஆயினும் கடல் கடந்து வந்து பிழைத்தவர் என்ற வகையில் அவருடைய வாழ்க்கை நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான்.

கப்பல் கூலி போன கதை

யாப் ஆ லோய் 1837-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி, தென்சீனத்தில் குவாங்துங் மாகாணத்தில், ஓர் ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தார். பதினேழு வயதில், 1854-ஆம் ஆண்டு, மக்காவ் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். முதலில் ஓர் ஈய லம்பத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார். பிறகு கேசாங் என்னும் இடத்தில் உறவினர் ஒருவருடைய கடையில் ஏறக்குறைய ஓராண்டு இருந்தார். கடையில் நிற்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை போலும். பையனை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. கப்பல் கூலியைக் கையில் கொடுத்து அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள்.

சிங்கப்பூரில் சீனாவுக்குப் புறப்படும் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில், அந்த இளைஞர் சூதாட்டத்தில் உட்கார்ந்தார். கப்பல் கூலி முழுவதும் போய்விட்டது. ஊருக்கும் போக முடியாது. பணம் கொடுத்தவர் முகத்திலும் விழிக்க முடியாது. இது யாரோ செய்த சதியினால் வந்த நட்டம் அன்று. தன் கையாலேயே தேடிக்கொண்ட நட்டம். இந்த இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தவர்களும், துறைமுகத்தில் பிச்சையெடுத்து அழிந்தவர்களும் அந்தக் காலத்தில் கணக்கற்றவர்கள்.

அவர் 1856-ஆம் ஆண்டில் லுக்குட்டுக்குப் போனார். இன்றைய போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள அவ்வூர், அப்போது ராஜா ஜுமாத் என்பவரின் ஆட்சியில் ஈய லம்பங்களால் செழித்திருந்தது. அங்கே ஒரு லம்பத்தில் கூலிகளுக்குச் சமைத்துப் போடும் சமையற்காரராகச் சேர்ந்தார். அடுப்படியில் ஏறக்குறைய மூன்று வருஷங்கள் கழிந்தன. அந்த மூன்று வருஷங்களில் அவர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். கூலிக்காரன் எதைச் சாப்பிடுகிறான், எத்தனை நாளைக்குக் கடன் தாங்குவான், ஈயம் என்ன விலைக்குப் போகிறது என்பதையெல்லாம் அறிந்துகொள்ள லம்பத்து அடுப்படியைவிட நல்ல இடம் வேறு எது? சேர்த்த சிறு முதலைக் கொண்டு கால்நடை வாங்கி லம்பங்களுக்கு விற்று, அதற்கு ஈடாக ஈயம் வாங்கும் வியாபாரத்தைத் தொடங்கினார்.

பட்டத்தை விட்டு வேலைக்கு வந்தவர்

வியாபாரம் அவரைச் சுங்கை ஊஜோங்குக்கு, அதாவது இன்றைய சிரம்பான் பக்கத்துக்குக் கொண்டு சென்றது. அங்கே சீனர்களுக்குத் தலைவராயிருந்த காப்பித்தான் ஷின் காப் என்பவரிடம் லியூ ஙிம் கோங் என்பவர் படைத்தலைவராக இருந்தார். யாப் ஆ லோய் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1860-ஆம் ஆண்டில் அங்கே மலாய்த் தலைவர்களுக்குள் ஈயத்தின் மீதான வரி பற்றிச் சண்டை மூண்டது. சீனர்களும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். அந்தச் சண்டையில் காப்பித்தான் ஷின் கொல்லப்பட்டார். யாப் ஆ லோய் காயம்பட்டுக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பினார். அவர் நம்பியிருந்த தலைவரும் இல்லை. செய்து வந்த வியாபாரமும் இல்லை.

ஆனால் ஒன்று மிஞ்சியிருந்தது. சண்டையில் ஓடாமல் நின்றவர் என்ற பெயர் மிஞ்சியிருந்தது. அமைதி திரும்பியதும், 1861-ஆம் ஆண்டில், சுங்கை ஊஜோங் சீனர்கள் இருபத்து நான்கு வயதுள்ள அவரையே காப்பித்தானாக ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்குள் அவருடைய நண்பர் லியூ கோலாலம்பூரில் காப்பித்தானாகிவிட்டார். அவர் தம்முடைய லம்பங்களைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று கூப்பிட்டபோது, யாப் ஆ லோய் சுங்கை ஊஜோங்கில் கிடைத்த பட்டத்தை விட்டுவிட்டு, 1862-ஆம் ஆண்டில் பிறரிடம் மேலாளராக வேலைக்கு வந்தார். முதலாளி என்று கூப்பிடப்பட்டவன் மறுபடி சம்பளக்காரன் ஆவது என்றால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? ஒரு படி இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்றுதானே முதலில் பார்க்கிறோம்! அவர் ஊர்ப் பேச்சைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தார்.

அப்போதைய கோலாலம்பூர் ஆசைப்படத்தக்க இடமும் அன்று. 1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனக் கூலிகள் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து அம்பாங் பக்கம் லம்பம் தோண்டியபோது, ஒரு மாதத்துக்குள் 69 பேர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையானதாகச் சரித்திரம் கூறுகிறது. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் சேற்று முனையில் அத்தாப்புக் குடிசைகள் சில இருந்தன. நம்மவர்களும் அந்த ஆரம்ப நாட்களிலேயே வந்துவிட்டவர்கள்தாம். இந்தியப் பள்ளிவாசலின் தொடக்கம் 1863-ஆம் ஆண்டு என்று குறிக்கப்படுவதே அதற்குச் சாட்சி.

1868-ஆம் ஆண்டில் லியூ நோயுற்று இறந்தார். அவருக்குப் பின் யாப் ஆ லோய் கோலாலம்பூரின் மூன்றாவது காப்பித்தானானார். சமையற்காரராக இருந்தவர் பன்னிரண்டே வருஷத்தில் ஒரு நகரத்தின் தலைவரானார். கதை இத்துடன் முடிந்திருந்தால், முன்னேறிய ஒருவரின் சரித்திரம் என்று மட்டும் சொல்லலாம். மெய்யான சோதனை இனிமேல்தான் வந்தது.

சாம்பலான நகரம்

1867-ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் ராஜா மஹ்தி. மறு பக்கம் சுல்தான் அப்துல் சமதின் மருமகனும் கெடா அரச குடும்பத்தவருமான தெங்கு கூடின். ஆற்று வழியாகப் போகும் ஈயத்துக்கு யார் வரி வாங்குவது என்பதே சண்டையின் வேர். யாப் ஆ லோய் தெங்கு கூடின் பக்கம் நின்றார். சீனர்களுக்குள்ளும் பகை முற்றியது. நம் செலாயாங்கிலிருந்து ரவாங் போகும் பழைய சாலையில் காஞ்சிங் என்னும் இடம் இருக்கிறதல்லவா? இன்று மக்கள் அருவியில் குளிக்கப் போகும் அதே காஞ்சிங்தான். அங்கே அந்நாளில் ஈய லம்பங்கள் இருந்தன. யாப் ஆ லோயின் நண்பர் யாப் ஆ சே 1869-ஆம் ஆண்டில் காஞ்சிங்கில் கொல்லப்பட்டார். அதற்குப் பழி தீர்க்க யாப் ஆ லோயின் ஆட்கள் காஞ்சிங்கைத் தாக்கியதில் இரத்தம் ஆறாக ஓடிற்று. நாம் நாள்தோறும் லாரியில் சரக்கேற்றிப் போகும் வழியின் பழைய கதை இது.

எதிரிகள் கோலாலம்பூரைப் பல முறை தாக்கினார்கள். 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டில் செய்யது மஷ்ஹூரின் படைகளிடம் நகரம் வீழ்ந்தது. யாப் ஆ லோய் உயிர் பிழைத்துக் கிள்ளானுக்குத் தப்பினார். அவருடைய ஆட்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். நகரம் எரிந்து சாம்பலாயிற்று. பத்து வருஷம் சேர்த்ததெல்லாம் போய்விட்டது.

கிள்ளானில் அவர் கணக்குத் தீர்த்துக்கொண்டு சீனாவுக்குத் திரும்பியிருக்கலாம். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து; போதுமான அளவு அடிபட்டும்விட்டார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அங்கேயே ஆள் திரட்டினார். பகாங்கிலிருந்து வந்த படைகளும் சேர்ந்துகொள்ள, 1873-ஆம் ஆண்டு மார்ச்சில் நகரம் மீண்டும் கைக்கு வந்தது.

கைக்கு வந்தது என்றோமே, எது வந்தது? வீடுகள் இல்லை. லம்பங்களில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. இறைக்கும் கருவிகள் அழிந்திருந்தன. கூலிகள் சிதறிப் போயிருந்தார்கள். ஆங்கிலேயர் வசமிருந்த துறைமுக நகரங்களின் வர்த்தகர்களுக்கு அவர் பெருங்கடன் பட்டிருந்தார். போரில் அவர் வென்றார் என்பது உண்மை. ஐந்தொகையில் பார்த்தால் அவர் முற்றும் தோற்றவர்.

விலை ஏறும் வரை

இந்த இடம்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். அவர் கடன்காரர்களிடமிருந்து ஒளியவில்லை. அவர்களிடமே மறுபடி போனார். மேலும் கடன் வாங்கினார். அரிசியும் எண்ணெயும் கருவிகளும் கடனுக்குக் கொடுத்துக் கூலிகளைத் திரும்ப வரவழைத்தார். தண்ணீரை இறைத்து லம்பங்களைத் திறந்தார். குடிசைகளைக் கட்டிச் சந்தையை நடத்தினார். அவருடைய சந்தை இருந்த இடமே பிற்காலத்தில் மேடான் பசார் ஆயிற்று.

அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. இந்த மனிதன் இடத்தை விட்டு ஓடமாட்டான், ஈயம் வந்தால் முதலில் நமக்கு அனுப்புவான் என்ற எண்ணத்தில் கொடுத்தார்கள். முதல் எல்லாம் எரிந்த பிறகும் எரியாமல் நின்றது அவருடைய நாணயம் ஒன்றுதான். நட்டம் வந்தவுடன் வெட்கப்பட்டு மறைந்துபோகிறவர் அந்தக் கடைசி முதலையும் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

ஆனால் முயற்சிக்கு உடனே பலன் வந்ததா என்றால், இல்லை. 1870-களின் நடுவில் உலகச் சந்தையில் ஈய விலை இறங்கிக்கொண்டே போயிற்று. தோண்டிய செலவுக்குக்கூட விலை கட்டவில்லை. ஈயத்தை மட்டும் நம்பக்கூடாது என்று அவர் மரவள்ளிக் கிழங்கு பயிரிட்டு, மாவு ஆலை ஒன்றையும் வைத்தார். அதுவும் நிலைத்து நடக்கவில்லை. இன்றும் பெட்டாலிங் ஸ்திரீட்டைச் சீனர்கள் தங்கள் மொழியில் மாவு ஆலைத் தெரு என்றே அழைக்கிறார்கள். நின்றுபோன ஒரு தொழிலின் பெயர்ப்பலகை இவ்வளவு காலம் தொங்குவதை உலகில் வேறெங்கும் காண்பது அரிது!

1878-ஆம் ஆண்டுவாக்கில் அவர் திவாலின் விளிம்பில் நின்றார். 1879-ஆம் ஆண்டில் ஈய விலை ஏறத் தொடங்கிற்று. லம்பங்கள் உயிர் பெற்றன. கூலிகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். கடன் அடைபட வழி பிறந்தது. 1880-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டின் தலைமை அலுவலகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கே மாறிற்று.

இதில் அதிர்ஷ்டம் உண்டா? உண்டு. விலை ஏறாமல் இன்னும் சில வருஷங்கள் போயிருந்தால் யாப் ஆ லோயின் பெயர் கடன்காரர்களின் பழைய ஏட்டில் மட்டுமே இருந்திருக்கும். முயன்றவர்கள் எல்லாரும் வென்றுவிடுகிறார்கள் என்று நாம் யாருக்கும் பொய் ஆறுதல் சொல்லக்கூடாது. ஆனால் விலை ஏறிய நாளில் லம்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் அந்த ஏற்றம் பயன்பட்டது. மூடிவிட்டுப் போனவனுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? நஸீபு வாசலுக்கு வரும் நாளில் நாம் கடையில் இருக்க வேண்டும்.

நெருப்பும் வெள்ளமும்

நல்ல காலம் வந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. 1881-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மூண்ட பெருந்தீயில், மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய நகரம் மறுபடி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வெள்ளம், மிஞ்சியிருந்த மண்சுவர்களைக் கரைத்தது. ஒரே வருஷத்தில் நெருப்பும் நீரும் சேர்ந்து ஒரு நகரத்தைச் சோதித்தன.

இம்முறை பழைய மாதிரியே திரும்பக் கட்டினால் பழைய மாதிரியே திரும்ப எரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1882-ஆம் ஆண்டில் ரெசிடெண்டாக வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் செய்தார். யாப் ஆ லோய் அதில் சிணுங்கிக்கொண்டிருக்காமல், நகரின் தெற்கே பெரிய நிலம் வாங்கிச் செங்கல் சூளை வைத்தார். சூளைகள் இருந்த அந்த இடந்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று தமிழ்க் கடைகளும் தமிழ்க் குரல்களும் நிறைந்திருக்கும் பிரிக்பீல்ட்ஸின் பெயர், எரிந்துபோன ஒரு நகரம் கற்றுக்கொண்ட பாடத்தின் பெயர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1884-ஆம் ஆண்டில் அவர் நகரில் சீனப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1885 ஏப்ரல் 15-ந் தேதி, நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார். கிள்ளானுக்குப் போகும் ரயில் ஓடத் தொடங்கியது அதற்கு மறு வருஷம், 1886-இல். அதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

குறையையும் சொல்லுவோம்

அவருடைய வருமானத்தில் அபினும் சூதாட்டமும் கள்ளுச் சாராயமும் பெரும்பங்கு வகித்தன. தம்மைத் தெருவில் நிறுத்திய அதே சூதாட்டத்தைப் பிற்காலத்தில் தாமே கூலிகளிடம் நடத்திப் பணம் பார்த்தார். உழைத்துச் சிவந்த கைகளிலிருந்து கூலி அபின் கடைக்கே திரும்பி வந்தது. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடும் நமக்கு இந்த வழி ஆகாது. காஞ்சிங்கில் சிந்திய இரத்தமும் பெருமைக்குரியதன்று. தோல்வியிலிருந்து பாடம் படிக்கிறவன்கூடச் சரியான பாடத்தையே படிப்பான் என்பது நிச்சயமில்லை. சிங்கப்பூரில் பணத்தை இழந்தபோது, சூது கெட்டது என்று ஒருவன் படிக்கலாம். சூது நடத்துகிறவனுக்கே லாபம் என்றும் படிக்கலாம். அவர் இரண்டாவதையும் படித்தார். நாம் அவரிடமிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அவருக்கு வந்த நட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகையாகும். கப்பல் கூலி போனது தன் தவற்றால் வந்தது. நகரம் எரிந்தது பிறர் பகையால் வந்தது. ஈய விலை இறங்கியதும் வெள்ளம் வந்ததும் காலத்தால் வந்தவை. தன் தவற்றால் வந்ததற்குத் திருத்தம் வேண்டும். பகையால் வந்ததற்குத் துணை தேட வேண்டும். காலத்தால் வந்ததற்குப் பொறுமையும், அடுத்த முறை தாங்கக்கூடிய ஏற்பாடும் வேண்டும். நாமோ மூன்றையும் ஒன்றாகப் போட்டு, எல்லாம் என் கெட்ட நேரம் என்கிறோம். அல்லது எல்லாம் அவனால் வந்தது என்கிறோம். வகை தெரியாத நட்டம் மறுபடியும் வரும்.

2020-ஆம் ஆண்டில் நோய்ப் பரவலின்போது செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள பகுதிகள் வேலியிட்டு அடைக்கப்பட்டதை நம்மில் யாரும் மறக்கவில்லை. காய்கறி அழுகிற்று, வாடகை நிற்கவில்லை, ஆட்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சிலர் எழுந்தார்கள். சிலரால் இன்னும் எழ முடியவில்லை. எழ முடியாதவரைக் குறைவாகப் பேசுவது நமக்கு அழகன்று. யாப் ஆ லோய் தனியாக எழவில்லை. வேலை கொடுத்த நண்பர் இருந்தார். பகாங் படை வந்தது. முன் கடன் நிற்கும்போதே மறுபடி கடன் கொடுத்த வர்த்தகர்கள் இருந்தார்கள். விழுந்தவன் எழுவதற்குப் பாதி அவன் மனவுறுதி; மீதிப் பாதி பக்கத்துக் கடைக்காரர் நீட்டும் கை.

ஆகவே நம் வர்த்தகச் சகோதரர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். நட்டம் வந்தால் முதலில் கணக்கைத் திறந்து வையுங்கள். கடன் கொடுத்தவரிடம் அவர் உங்களைத் தேடி வருமுன் நீங்களே போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். போனது எது, மிஞ்சியது எது என்று இருப்பெடுங்கள். மிஞ்சியது ஒரு சமையற்காரன் வேலையாக இருந்தாலும் சரி, அதைக் குறைவென்று எண்ணாமல் அங்கிருந்து தொடங்குங்கள். விழுந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து நின்றால், அவர் விழுந்த கதையை மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், நாலு மூட்டைச் சரக்கைத் தவணைக்குக் கொடுத்து அனுப்புவோம். அவர் எழுந்தால் நம் சந்தையும் எழும்.